துபாய்க் கணக்கில் நம் ஊர்ச் செலவு

2024 செப்டம்பர் 9 முதல் அக்டோபர் 15 வரை சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய முதல் கோரிக்கை, தங்கள் சங்கத்தைப் பதிவு செய்து அங்கீகரிக்க வேண்டும் என்பது. அந்த ஐந்து வாரமும் டீக்கடையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் ஒரே கேள்வி என் காதில் விழுந்துகொண்டிருந்தது: "துபாய்ல இப்படிப் பந்தல் போட விடுவானா?" கேட்டவர்களில் பாதிப் பேர் என் முகத்தைப் பார்த்தே கேட்டார்கள். ஷார்ஜாவில் ஒரு கட்டுமான கம்பெனியில் பதினோரு ஆண்டுகள் டைம் கீப்பராக இருந்து திரும்பியவன் நான். ஆமாம் என்று தலையாட்டுவேன் என எதிர்பார்த்தார்கள்.

என்னால் தலையாட்ட முடியவில்லை. ஏன் என்பதைப் பந்தியில் வைத்துச் சொல்ல முடியாது, நேரம் போதாது. அதனால் எழுதுகிறேன்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு முழுக் கொள்கையே இருக்கிறது. அரசு ஒதுங்கி நின்று, வரியை எடுத்துவிட்டு, சங்கத்தை அனுமதிக்காமல், உலகத்துப் பணத்துக்கும் சரக்குக்கும் கதவைத் திறந்துவிட்டால் பாலைவனத்தில்கூட நகரம் முளைக்கும். துபாயே அதற்குச் சாட்சி. தமிழ்நாடும் அப்படி மாறினால் உருப்படும். மேலாண்மைக் கல்லூரி மேடைகளிலும் முதலீட்டாளர் மாநாடுகளை ஒட்டிய பேச்சுகளிலும் இதைக் கேட்கலாம். வளைகுடாவில் நாற்பது ஆண்டு உழைத்துக் கைநிறையச் சம்பாதித்துத் திரும்பியவர்கள் சிலரே இதைச் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு அதிக வருத்தம். இந்தக் கூற்றின் ஒவ்வொரு சொல்லும் தவறு என்பது என் வாதம்.

முதலில் பந்தல். துபாயில் பந்தல் போட முடியாது, உண்மைதான். போடாததால் என்ன ஆனது? 2006 மார்ச்சில், இன்று புர்ஜ் கலீஃபா நிற்கிற அதே மனையில், வேலை முடிந்து பேருந்து வராமல் காத்திருந்த தொழிலாளர்கள் பொறுமை இழந்தார்கள். சுமார் 2,500 பேர். கார்கள், கணினிகள், கட்டுமான எந்திரங்கள் எல்லாம் நொறுங்கின. மறுநாள் விமான நிலையக் கட்டுமானத்திலும் வேலை நின்றது. அந்த மாத இறுதியில், சங்கம் அமைக்க வழிசெய்யும் சட்டம் வரும் என்று அமீரகத் தொழிலாளர் அமைச்சர் அறிவித்தார். அது வரவே இல்லை. 2007-ல் மறுபடி பல்லாயிரம் கட்டடத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள், வேலைநிறுத்தமே சட்டவிரோதமான ஊரில், நாடு கடத்தப்படுவோம் என்று தெரிந்தே. பந்தல் போட்டு உட்கார இடம் இருந்திருந்தால் அந்தக் கண்ணாடிகள் உடைந்திருக்காது என்று நான் நம்புகிறேன். சுங்குவார்சத்திரத்தில் 37 நாளில் பேச்சுவார்த்தை முடிந்தது, 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது, ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி, "அரசு ஒதுங்கி நின்றது" என்ற கதை. ஷேக் ரஷீத் பின் சயீத் அல் மக்தூம் 1958-ல் ஆட்சிக்கு வந்தபோது துபாயில் எண்ணெய் கிடைத்திருக்கவில்லை. ஊரை இரண்டாகப் பிரிக்கும் உப்பங்கழி மணல் மூடிக் கிடந்தது, தோணிகள் தரைதட்டின. தனியார் யாராவது வந்து தூர்வாருவார்கள் என்று அவர் காத்திருக்கவில்லை. குவைத்திடம் கடன் வாங்கினார், உள்ளூர் வணிகர்களிடம் பத்திரம் விற்றார், கழியை ஆழப்படுத்தினார். எண்ணெய் 1966-ல்தான் கிடைத்தது, ஏற்றுமதி 1969-ல். 1972-ல் ரஷீத் துறைமுகம். 1979-ல் ஜெபல் அலி: ஆளில்லாத மணற்பரப்பைக் குடைந்து வெட்டிய துறைமுகம், செயற்கைத் துறைமுகங்களில் உலகிலேயே பெரியது. 1985-ல் அதை ஒட்டித் தடையற்ற வணிக மண்டலம். அதே ஆண்டு அக்டோபர் 25-ல் எமிரேட்ஸ் விமானம் கராச்சிக்குப் பறந்தது, அரசு கொடுத்த 1 கோடி டாலர் முதலோடும் பாகிஸ்தான் விமான நிறுவனத்திடம் வாடகைக்கு எடுத்த விமானத்தோடும். துறைமுகம், விமானம், மின்சாரம், மண்டலத்தின் நிலம் எல்லாமே ஆட்சியாளரின் கையில் இருந்தவை. சென்னைத் துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர் முனையத்தையும் கொச்சி வல்லார்பாடம் முனையத்தையும் நடத்துகிற டிபி வேர்ல்டும் துபாய் அரசின் நிறுவனமே. தொலைநோக்கோடு, கடன் வாங்கி, துணிந்து செலவழித்த அரசு அது. இதை நான் பாராட்டியே சொல்கிறேன். ஆனால் இதிலிருந்து "அரசு விலகினால் ஊர் வளரும்" என்ற பாடத்தை எப்படிப் படிக்கிறார்கள் என்பதுதான் புரியவில்லை.

2009-ஐ யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. நான் வைத்திருக்கிறேன், அந்தக் குளிர்காலத்தில் எங்கள் சைட்டில் நாலு கிரேன் இரண்டு மாதம் அசையாமல் நின்றது. நவம்பர் 25-ஆம் தேதி துபாய் வேர்ல்ட் என்ற அரசுக் குழுமம் கடனைத் திருப்பித் தர ஆறு மாத அவகாசம் கேட்டது. மறுசீரமைக்க வேண்டியிருந்த கடன் சுமார் 2,600 கோடி டாலர். எந்தச் சந்தையும் கைகொடுக்கவில்லை. டிசம்பர் 14-ல் அபுதாபி தன் எண்ணெய்ப் பணத்திலிருந்து 1,000 கோடி டாலர் கொடுத்தது. மூன்று வாரம் கழித்து, 2010 ஜனவரி 4-ல், 828 மீட்டர் கோபுரம் திறக்கப்பட்டபோது புர்ஜ் துபாய் என்ற பெயர் போய், அபுதாபி ஆட்சியாளரின் பெயரில் புர்ஜ் கலீஃபா ஆகியிருந்தது.

வரி இல்லை என்பதும் பழைய கதை. 2018-லிருந்து 5 சதவீத மதிப்புக்கூட்டு வரி. 2023 ஜூன் முதல் 3,75,000 திர்ஹத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 9 சதவீத நிறுவன வரி. 2025 முதல் பெரிய பன்னாட்டு நிறுவனங்களுக்குக் குறைந்தபட்சம் 15 சதவீதம். சவுதி தன் மதிப்புக்கூட்டு வரியை 2020-ல் ஒரே அடியில் 5-லிருந்து 15 ஆக்கியது. வளைகுடா விட்டுவிட்டு வருவதை நாம் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

"கதவு திறந்த ஊர்" என்ற பேச்சில் இன்னும் பெரிய பிழை இருக்கிறது. வணிக மண்டலங்களுக்கு வெளியே, அமீரகத்தில் ஒரு கம்பெனி தொடங்க வேண்டுமானால் 51 சதவீதப் பங்கு உள்ளூர்க் குடிமகன் பெயரில் இருக்க வேண்டும் என்பதே 2021 ஜூன் வரை சட்டம். கீழக்கரையின் பி.எஸ்.அப்துர் ரஹ்மான் 1973-ல் துபாயில் ஈடிஏ நிறுவனத்தைத் தொடங்கியபோது அல் குரைர் குடும்பத்தோடு கூட்டுச் சேர்ந்தார். எங்கள் பக்கத்து ஊர்களில் எத்தனையோ ஆயிரம் வீடுகளுக்கு முதல் விசா அந்த நிறுவனத்தின் வழியாக வந்தது. அவ்வளவு பெரிய தமிழ் வணிகருக்கே உள்ளூர்க் கூட்டாளி வேண்டியிருந்த ஊர் அது. துபாயின் நைஃப் தெருவில் சின்னதாகக் கடை போட்டவர்களுக்கும் அர்பாப் என்ற உள்ளூர்க் கூட்டாளி இருந்தார். ஆண்டுதோறும் அவருக்குக் கையெழுத்துக் காசு போனது. தன் குடிகளுக்குப் பங்கு வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் அமீரகம் உலகத்தை உள்ளே விட்டது. இன்றும் 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனம் திறன் சார்ந்த வேலைகளில் அமீரகக் குடிகளின் பங்கை ஆண்டுக்கு 2 சதவீதம் கூட்ட வேண்டும். தவறினால் ஒவ்வொரு இடத்துக்கும் மாதம் பல ஆயிரம் திர்ஹம் அபராதம். தமிழ்நாட்டில் உள்ளூர் இளைஞர்களுக்கு வேலை ஒதுக்கீடு என்று பேச்சு எழும்போதெல்லாம் முதலீடு ஓடிவிடும் என்று அலறுகிறவர்கள், துபாயைப் பார் என்று சொல்லும்போது இந்தச் சட்டத்தையும் பார்க்க வேண்டும்.

தடையற்ற துறைமுகம் ஒன்று ஏன் செழிக்கிறது என்பதை இவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. 1900-களின் தொடக்கத்தில், எதிர்க்கரையில் இருந்த பாரசீகத்தின் லிங்கே துறைமுகத்தில் சுங்கவரி ஏறியது. அங்கிருந்த வணிகர்களுக்கு துபாய் ஆட்சியாளர் வரி இல்லை என்று அழைப்பு வைத்தார். அவர்கள் தோணியைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். துபாயின் வணிக வரலாறு அங்கே தொடங்குகிறது. துபாயின் முத்து வணிகம் விழுந்த கதை வேறு. ஜப்பானின் வளர்ப்பு முத்தும் 1930-களின் பெருமந்தமும் வளைகுடாக் கரை முழுவதையும் பட்டினி போட்டன. பிறகு வந்தது தங்கம். சுதந்திர இந்தியா தங்க இறக்குமதியை அடைத்தது. 1968-ல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமே போட்டது. லண்டனிலிருந்து துபாய்க்குச் சட்டப்படி வந்த தங்கம், துபாயிலிருந்து நம் மேற்குக் கரைக்குத் தோணியில் திருட்டுத்தனமாக வந்தது. அன்று துபாய்ச் சந்தையில் புழங்கியது நம்முடைய ரூபாயே. தங்கத்துக்கு விலையாகப் போன ரூபாய் நம் அந்நியச் செலாவணியை அரித்தது. அதனால்தான் 1959-ல் ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்று தனி ரூபாய் நோட்டு அச்சடித்தது. 1966 ஜூன் 6-ல் ரூபாயின் மதிப்பை இந்தியா குறைத்த பிறகு கத்தாரும் துபாயும் அதைக் கைவிட்டன.

இந்த வரிசையைத் தொடர்ந்து பாருங்கள். பாரசீகம் கதவை அடைத்தது, துபாய்க்கு வணிகர் வந்தார்கள். இந்தியா அடைத்தது, தங்கம் வந்தது. பிற்பாடு ஈரான் மீது தடைகள் விழுந்தபோது ஈரானிய வணிகம் துபாயின் தேராப் பகுதிக் கழிக்கரையில் கூடாரம் போட்டது. 2022-க்குப் பிறகு ரஷ்யப் பணம் துபாயின் மரீனாவில் வீடு வாங்கியது. துபாயின் திறந்த கதவுக்கு மதிப்பு, பக்கத்துக் கதவுகள் அடைபட்டிருப்பதால். எல்லாரும் திறந்துவிட்டால் அந்தக் கதவை யாரும் தேடி வரப்போவதில்லை. உலகம் முழுக்க துபாய் ஆக முடியாது; ஏழரைக் கோடி மக்களும் வயலும் கண்மாயும் உள்ள தமிழ்நாடு நிச்சயம் ஆக முடியாது. ஆலமரத்தைப் பார்த்து, தொட்டிச் செடி மாதிரி இரு என்று சொல்வது போன்றது அது.

கதவு திறந்ததாகவே வைத்துக்கொள்வோம். யாருக்குத் திறந்தது? பணத்துக்கும் சரக்குப் பெட்டிக்கும் திறந்தது. 20 லட்சம் திர்ஹத்துக்கு வீடு வாங்குகிறவருக்குப் பத்தாண்டு தங்க விசா கிடைக்கிறது. அந்த வீட்டைக் கட்டிய ஷட்டரிங் கார்பெண்டருக்கு இரண்டே ஆண்டு, அதுவும் ஒரு முதலாளியின் பெயரோடு பிணைத்துத்தான். வேலை போனால் விசா போகும். நான் அங்கே இருந்த காலத்தில், வேறு கம்பெனி கூடுதல் கூலி தருகிறேன் என்று அழைத்தாலும், ஆட்சேபனை இல்லை என்று பழைய முதலாளி தரும் என்ஓசி கடிதம் வேண்டியிருந்தது. கேட்டால் "பேன் அடிச்சிடுவேன்" என்பார். அந்தத் தடை விழுந்தால் ஆறு மாதத்துக்கு நாட்டுக்குள் வேலை பார்க்க முடியாமல் இருந்தது. சொல்லாமல் போனால் "ஆப்ஸ்காண்ட்" என்று புகார் எழுதுவார். பிடிபட்டால் சிறையும் நாடு கடத்தலும். பாஸ்போர்ட்டை முதலாளி வைத்திருப்பது அமீரகத்தில் சட்டப்படி தவறு. ஆனாலும் நான் வேலை பார்த்த இடத்தில் இரும்பு அலமாரிச் சாவி என்னிடம்தான் இருந்தது. நானூற்றுச் சொச்சம் பாஸ்போர்ட்டுகளை ரப்பர் பேண்டு போட்டு அடுக்கியிருந்தோம். அந்த அலமாரியைத் திறந்து மூடியவன் என்ற வகையில் எனக்கும் இதில் பங்கு உண்டு.

இங்கேதான் பொருளாதாரம் படித்தவர்கள் என்னிடம் வாதம் செய்வார்கள். "விரும்பித்தானே போறாங்க? அங்க கிடைக்கிறதுதான் சந்தைக் கூலி. இங்கே கிடைக்கிறதைவிட அதிகம்." முதல் பாதி உண்மை. எங்கள் ஊரிலிருந்து வெளிநாட்டுப் பிழைப்புக்குப் போன சபுராளிகள் யாரையும் கைகால் கட்டித் தூக்கிப்போகவில்லை. நானே என் அம்மாவின் நகையை அடகு வைத்து ஏஜென்ட்டிடம் பணம் கட்டிப் போனவன். ரிசர்வ் வங்கியின் ஆய்வுப்படி 2023-24-ல் இந்தியாவுக்கு வந்த 11,870 கோடி டாலரில் 19.2 சதவீதம் அமீரகத்திலிருந்து வந்தது, மொத்தத்தில் 10.4 சதவீதம் தமிழ்நாட்டுக்கு வந்தது. கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் லால்பேட்டையிலும் நிற்கிற மாடி வீடுகளுக்கும், அங்கே பட்டம் படித்த பெண்களுக்கும் பின்னால் அந்தப் பணம் இருக்கிறது. அதை மறுக்கிறவன் நன்றி கெட்டவன்.

ஆனால் அது சந்தைக் கூலி என்பது பொய். இதற்கு என் அனுபவத்தைவிட உறுதியான சான்று உண்டு. 2011 ஜனவரியில் அமீரகம் ஒரு விதியைத் தளர்த்தியது: ஒப்பந்தக் காலம் முடிந்த தொழிலாளி, பழைய முதலாளியின் என்ஓசி இல்லாமலே வேறு வேலைக்குப் போகலாம். சுரேஷ் நாயுடு, யா நியார்கோ, ஷிங்-யி வாங் என்ற மூன்று பொருளியலாளர்கள் அந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னுமான சம்பளத் தரவுகளை எடுத்து ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். ஒப்பந்தம் முடிந்த தொழிலாளர்களின் வருமானம் 10 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. பெரும்பாலோர் கம்பெனி மாறியதாலும் அல்ல. மாறிவிடுவார்களோ என்று பழைய முதலாளியே கூட்டிக் கொடுத்தார். அதே கை, அதே உளி, அதே வெயில். ஒரு கடிதம் தேவையில்லை என்றானதும் கூலி உயர்ந்தது என்றால், அதற்கு முன் இருந்த கூலியை நிர்ணயித்தது சந்தையா, அந்தக் கடிதமா?

அந்த ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது, மறைக்க மாட்டேன். ஆளைக் கட்டிவைக்க முடியாது என்றானபின் முதலாளிகள் புதிதாக வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதும் குறைந்தது. கட்டிவைத்தால்தான் வேலை கிடைக்கும், அதனால் கட்டு நல்லது என்று இதை வைத்து வாதாடுவார்கள். இதே வாதத்தைத்தான் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயாவுக்கும் ஆள் பிடித்த கங்காணி முறைக்கும் சொன்னார்கள். பஞ்சத்தில் கிடந்தவனுக்கு அதுவும் கூலிதான். தமிழர்களுக்கு அந்தக் கணக்கின் முடிவு தெரியும்.

சீர்திருத்தம் நடக்கவில்லையா என்றால், நடக்கிறது. அமீரகத்தில் 2009 முதல் சம்பளம் வங்கி வழியாகப் போகிறது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் பன்னிரண்டரை முதல் மூன்று மணிவரை வெயிலில் வேலை கூடாது. 1980-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் போய் 2022 பிப்ரவரியில் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கத்தார் 2020-ல் என்ஓசியை நீக்கியது, 2021 மார்ச் முதல் மாதம் 1,000 ரியால் குறைந்தபட்சக் கூலி வைத்தது. கத்தாரின் மாற்றங்கள் தானாகக் கனியவில்லை. கத்தாருக்கு உலகக் கோப்பை வந்தது, உலகத்துக் கண் அந்தப் பக்கம் திரும்பியது, சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு தோஹாவில் அலுவலகம் போட்டது. அதற்குப் பிறகு வந்தவை. நம் ஊர் மேடைகளில் புகழப்படுவதோ, கட்டு இறுகியிருந்த பழைய துபாய்.

இப்போது, எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிற விஷயம். துபாயின் வரவுசெலவில் ஒரு பெரிய செலவு எழுதப்படுவதே இல்லை. அமீரகத்தில் வாழ்பவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அளவுக்கு வெளிநாட்டவர். அவர்களில் தொழிலாளியாக வருகிறவன் இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதில் உழைக்கத் தயாரான உடம்போடு விமானத்திலிருந்து இறங்குகிறான். அவனுக்குத் தடுப்பூசி போட்டது ராமநாதபுரம் ஆரம்பச் சுகாதார நிலையத்தின் நர்ஸ். சத்துணவு போட்டது ஊராட்சிப் பள்ளி. வெல்டிங் சொல்லிக் கொடுத்தது அரசு ஐடிஐ. அவன் அங்கே இருக்கும்போது அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு அரிசி கொடுப்பது இந்த ஊர் ரேஷன் கடை. கட்டடத் தொழிலாளியின் சம்பளத்துக்குக் குடும்ப விசா கிடைக்காது. உடம்பு தளர்ந்ததும் விசா கேன்சல் ஆகிறது. முதுமை முழுக்க இங்கே. ஒரு சமூகம் தன் மக்களை வளர்க்கவும் பேணவும் செய்கிற செலவில் குழந்தைப் பருவம், முதுமை என்ற இரண்டு முனைகளும் எங்கள் தலையில். நடுவில் உள்ள உழைக்கும் முப்பது ஆண்டு மட்டும் அவர்களுக்கு. இந்த ஏற்பாட்டில் எந்த நகரமும் வரி இல்லாமல் நடக்கும். துபாயின் சோனாப்பூர் லேபர் கேம்ப்பில் கிழவர்களும் இல்லை, குழந்தைகளும் இல்லை. ஓய்வூதியம் கேட்க அங்கே ஆளே இருக்க மாட்டார்கள்.

கேரளம் இதைப் புரிந்துகொண்டது. அதனால்தான் நார்க்கா என்ற தனித் துறையை 1996-லேயே வைத்தது. திரும்பி வந்த பிரவாசிகளுக்கு நலவாரியம் அமைத்து ஓய்வூதியமும் தருகிறது. துபாயில் கழிந்த உழைப்புக் காலத்துக்கு ஓய்வூதியம் கொடுப்பது திருவனந்தபுரம் என்று இதற்கு அர்த்தம். 2024 ஜூன் 12 விடியற்காலையில் குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பற்றி 45 இந்தியர்கள் இறந்தார்கள். 7 பேர் தமிழர்கள். அவர்களுடைய சடலங்களை இந்திய விமானப்படை விமானம் கொச்சியில் கொண்டுவந்து இறக்கியது. குடும்பங்களுக்குத் தமிழ்நாடு அரசு தலா 5 லட்சம் ரூபாய் கொடுத்தது. அந்தச் செலவும் நம் வரவுசெலவில்தான்.

ஆகவே "துபாய் போல் ஆகவேண்டும்" என்பதில் ஒரு நடைமுறைக் கேள்வியும் இருக்கிறது. நாம் சங்கத்தைத் தடை செய்து, வரியைத் துடைத்துவிட்டால், நம்முடைய குழந்தைகளையும் கிழவர்களையும் எந்த ஊருக்கு அனுப்புவது? துபாய்க்குப் பின்னால் ராமநாதபுரமும் மலப்புரமும் சில்ஹெட்டும் நேபாளத்து மலைக் கிராமங்களும் இருக்கின்றன. ராமநாதபுரத்துக்குப் பின்னால் யாரும் இல்லை. இங்கே பள்ளியும் ஆஸ்பத்திரியும் வரியில் நடக்கின்றன. அந்த வரியைக் கட்டுகிற கூலி இங்கேதான் கிடைக்க வேண்டும்.

நம் அரசுகளுக்கும் இதில் பொறுப்பு உண்டு. வளைகுடா நாட்டு முதலாளிகளின் பேராசை பற்றி எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். தில்லி செய்தது பலருக்குத் தெரியாது. பத்தாவது முடிக்காத தொழிலாளி இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதி பெற்றுத்தான் வளைகுடாவுக்குப் போகவேண்டும்; அந்த அனுமதிக்கு நாடுவாரியாகக் குறைந்தபட்சக் கூலி உண்டு. 2020 செப்டம்பரில், கொரோனாவில் வேலையிழந்து லட்சக்கணக்கானோர் ஊர் திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தக் கூலியை வெளியுறவுத் துறை 30 முதல் 50 சதவீதம் வரை வெட்டியது. அமீரகத்துக்கும் கத்தாருக்கும் மாதம் 200 டாலர் என்றானது. வேறு நாட்டுக்காரன் மலிவாகப் போய்விடுவான், நம் ஆளுக்கு வேலை போய்விடும் என்பது சொல்லப்பட்ட காரணம். தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. மறு ஆண்டு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. தன் மக்களின் கூலியைத் தானே குறைத்து ஏலம் விட்ட அந்த மாதங்களில் ஒப்பந்தம் போட்டுப் போனவர்களுக்கு அந்த வித்தியாசத்தை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

2022 பிப்ரவரி 18-ல் இந்தியாவும் அமீரகமும் கையெழுத்திட்ட பொருளாதாரக் கூட்டு ஒப்பந்தம் அதே ஆண்டு மே 1 முதல் நடப்பில் உள்ளது. ஆண்டுக்கு 200 டன் வரை தங்கத்தை ஒரு சதவீதம் குறைந்த வரியில் கொண்டுவர அதில் இடம் இருக்கிறது. ஜவுளிக்கு, நகைக்கு, மருந்துக்கு, மென்பொருள் சேவைக்கு எல்லாம் இடம் இருக்கிறது. தொழிலாளர் உரிமைக்கென்று ஓர் அத்தியாயம் இல்லை. தங்கத்தின் விலையில் ஒரு சதவீதத்துக்காகப் பேரம் பேசிய மேசையில், கார்பெண்டரின் கூலியில் பத்து சதவீதத்துக்கு வழிவிட்ட அந்த என்ஓசி விதியைப் பற்றிப் பேச நமக்கு ஏன் வாய் வரவில்லை? வளைகுடா நாடுகள் ஒவ்வொன்றோடும் இனி உட்காரும்போது கேட்கலாம்: குறைந்தபட்சக் கூலி, முதலாளி மாறும் உரிமை, ஆண்டுகள் கடந்தும் செல்லுபடியாகும் சமூகப் பாதுகாப்பு நிதி. நம்மிடம் பேரம் பேச எதுவும் இல்லை என்பார்கள். அமீரகத்தின் மிகப் பெரிய வெளிநாட்டுச் சமூகம் நம்முடையது. நம் கைகள் இல்லாமல் ஒரு வாரம் அந்த ஊர் ஓடாது.

என்னோடு ஷார்ஜாவில் இருந்த ஒரு ஷட்டரிங் கார்பெண்டர் பற்றிச் சொல்லி நிறுத்துகிறேன். முதுகுளத்தூர்ப் பக்கம். என்னை "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். பதினெட்டு ஆண்டு ஒரே கம்பெனி. அவருடைய டைம் ஷீட்டை நான் பல ஆண்டு எழுதியிருக்கிறேன்: ஒரு மாதத்தில் அவர் 110 மணி நேரம் ஓவர்டைம் செய்ததும் என் கையெழுத்திலேயே இருக்கிறது. 2019-ல் விசா கேன்சலில் ஊருக்கு வந்தார். பணிக்கொடை பேஸிக் சம்பளத்தின் மேல்தான். ஓவர்டைமும் படியும் சேராது. அவர் பேஸிக் 800 திர்ஹம். முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள், பிறகு பதின்மூன்று ஆண்டுக்கு 30 நாள். மொத்தம் 495 நாள் சம்பளம், 13,200 திர்ஹம். அன்றைய மதிப்பில் இரண்டரை லட்சம் ரூபாய். மகளின் கல்யாணக் கடனில் அது அப்படியே போய்விட்டது.

வந்த மறு ஆண்டே சிறுநீரகம் பழுதென்று தெரிந்தது. எதனால் என்று டாக்டர் எதுவும் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணி பஸ்ஸில் ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போகிறார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் நடக்கிறது, அவர் கையிலிருந்து பஸ் டிக்கெட் காசு மட்டும்தான். சாம்சங் பந்தல் நாட்களில் ஒரு செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போனேன். வார்டு டிவியில் அந்தச் செய்தி ஓடியது. பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்திருந்த இளைஞன் ஒருவன் என்னிடம் அதே கேள்வியைக் கேட்டான், துபாயில் இப்படி விடுவானா என்று. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் குழாய் மாட்டிய கையை அசைக்காமல் தலையை மட்டும் திருப்பி, "விட மாட்டான் தம்பி. ஆனா இந்த மெஷினும் அங்க எனக்கு இல்ல" என்றார்.